சாய்கோட்டின் விலை

கேள்வி: அமெரிக்காவில் ஆஸ்பெஸ்டாஸ் வழக்குகளுக்காகப் பணம் வாங்கிக்கொண்டு எக்ஸ்-ரே அறிக்கை கொடுத்த டாக்டர்கள் கோர்ட்டில் மாட்டிக்கொண்டார்களாமே? அப்படியென்றால் ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நாரால் புற்றுநோய் என்பதே வக்கீல்கள் கட்டிவிட்ட கதைதானா? எங்கள் பின்கட்டுக் கூரை ஷீட்டை மாற்றச் சொல்லி மகன் தினமும் சண்டை பிடிக்கிறான்.
(வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: மாட்டிக்கொண்டது நிஜம். 'கதை' என்று உங்களுக்கு யார் சொன்னார்களோ, அவருக்கு ஷீட் வியாபாரம் ஏதும் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

தூசியால் நுரையீரல் கெட்டிருக்கிறதா என்று எக்ஸ்-ரேயில் பார்க்க சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் அளவுகோல் ஒன்று உண்டு. நடுவில் சாய்கோடு, இருபுறமும் எண். பூஜ்யம் என்றால் நோய் நிழல் இல்லை, ஒன்று என்றால் லேசாக இருக்கிறது. 0/1 என்று எழுதினால், 'ஒன்றோ என்று யோசித்தேன், பூஜ்யம்தான்.' 1/0 என்றால், 'பூஜ்யமோ என்று யோசித்தேன், ஒன்றுதான்.' மங்கலான நிழலில் இரண்டுக்கும் வித்தியாசம் மயிரிழை. ஆனால் நஷ்டஈட்டுக்குப் பெரும்பாலும் 1/0 வேண்டும். வழக்குப் போட்டவர்கள் தரப்பு மருத்துவர்கள் படித்த 492 படங்களை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் வேறு ஆறு நிபுணர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். 2004-ல் முடிவு வெளிவந்தது. முதல் கூட்டம் 1/0-வோ அதற்கு மேலோ கண்டது 95.9 சதவீதப் படங்களில். இரண்டாவது கூட்டம், 4.5 சதவீதத்தில்!

மறு வருஷம் டெக்சாஸில் நீதிபதி ஜானிஸ் கிரகாம் ஜாக் முன் சிலிகா என்னும் மணல், பாறைத் தூசி வழக்குகள். 9,000-க்கும் அதிகமானவர்களுக்கு நோய் கண்டுபிடித்தவர்கள் மொத்தம் 12 டாக்டர்கள். வழக்குப் போட்டவர்களில் பாதிக்கு மேல், ஏற்கெனவே ஆஸ்பெஸ்டாஸ் நோய் என்று சொல்லியும் பணம் கேட்டவர்கள். சிலிகா நிழல் நுரையீரலின் மேல்பாகத்தில் பொட்டுப் பொட்டாக விழும். கல்நார் நிழல் அடிப்பாகத்தில் கீற்றுக் கீற்றாக. ஒரே ஆளுக்கு இரண்டும் வருவது அபூர்வம். இந்த நோய்கள் பணத்துக்காகத் தயாரிக்கப்பட்டவை என்றே அம்மையார் தீர்ப்பில் எழுதிவிட்டார்.

ஆனால் இதெல்லாம் நிழல் பார்க்கும் விவகாரம். கல்நாரால், பெரும்பாலும் நுரையீரல் உறையில், வரும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோயை நிழலை வைத்து முடிவு செய்வதில்லை. சதையைக் கிள்ளி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். 1960-லேயே தென்னாப்பிரிக்காவில் வாக்னர் குழுவினர் 33 பேரின் கதையை வெளியிட்டார்கள். சுரங்கத்தில் இறங்காமல், நீலக் கல்நார்ச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த பாவத்துக்கே நோய் வந்தவர்களும் அதில் உண்டு. கம்பெனிக்காரர்களுக்கு நுரையீரல் சங்கதி அதற்கும் முன்பே தெரியும். ரேபெஸ்டாஸ் என்ற ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனியின் தலைவர் சம்னர் சிம்ப்சன் 1935-ல் ஜான்ஸ்-மான்வில் என்ற இன்னொரு ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனியின் வக்கீலுக்கு எழுதினார்: ஆஸ்பெஸ்டாஸைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசுகிறோமோ அவ்வளவு நமக்கு நல்லது. அந்தக் கடிதங்கள் பல வருஷம் கழித்து வழக்குகளில்தான் வெளியே வந்தன.

அந்தப் பக்கமும் நிபுணர்களுக்குப் பஞ்சமில்லை. ஆஸ்பெஸ்டாஸ் வழக்குகளில் மாட்டிய ஜார்ஜியா-பசிபிக் கம்பெனி செலவில் வந்த ஆய்வுக் கட்டுரைகளில், கம்பெனியின் சொந்த வக்கீல் கைவைத்ததைச் சொல்லாமல் விட்டிருந்தார்கள். அது தொடர்பான தஸ்தாவேஜுகளில் மோசடி உண்டா என்று நீதிபதி தனியாகப் பார்க்கட்டும் என்று 2013-ல் நியூயார்க் மேல்முறையீட்டு மன்றம் சொன்னது. சாய்கோட்டை இழுத்தவர்கள் மாட்டியதைக் கைகொட்டிச் சொல்பவர்கள் இதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

உண்மையான சண்டை எங்கே தெரியுமா? கல்நார் கொல்லுமா என்பதில் இல்லை, யாருடைய நார் கொன்றது என்பதில். பிரேக் ஷூ ஒரு கம்பெனி, பாய்லர் உறை இன்னொரு கம்பெனி. மீசோதீலியோமா தலைகாட்ட முப்பது நாற்பது வருஷம் ஆகும். உள்ளே போன ஒவ்வொரு நாரும் காரணம்தான் என்று சில நிபுணர்கள் சத்தியம் செய்தார்கள். ஆஸ்பெஸ்டோசிஸ் (நுரையீரல் தழும்பு நோய்) வந்ததாகச் சொன்ன ஒரு பிரேக் மெக்கானிக்கின் வழக்கில், எவ்வளவு தூசி என்று கணக்குக் காட்டாமல் அது செல்லாது என்றது டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் (2007). லண்டனில் அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2002-ல் மீசோதீலியோமா வழக்கில், ஆபத்தைக் கணிசமாகக் கூட்டிய முதலாளி பொறுப்பேற்கட்டும் என்றது. நோய் வேறு, நாடு வேறு. ஆனாலும், எந்த நார் என்று யாராலும் சொல்ல முடியாதபோது நஷ்டம் விதவை தலையிலா, முதலாளி தலையிலா? இதற்கு நுண்ணோக்கி பதில் சொல்லாது. நியாயம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டியதை டாக்டர் வாயில் திணித்துவிட்டு, டாக்டர்கள் முரண்படுகிறார்கள் என்கிறோம்.

உங்கள் கூரைக்கு வருகிறேன். நொறுங்காத ஷீட் தலைக்கு மேல் சும்மா கிடக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. அறுப்பதும் துளை போடுவதும் உடைப்பதும்தான் தூசி கிளப்பும். தேங்காய் விழுந்து விரிசல் விட்டிருந்தால் மகன் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் சுத்தியலால் தட்டி இறக்க விடாதீர்கள். நன்றாக நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுசாக இறக்கச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளை அன்றைக்கு அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.