மானிப்பாய் வளவில் வீடு கட்டுவதா, கொக்குவிலில் வாடகைக்கு இருப்பதா?

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தையில் மாதம் 95,000 ரூபா வாடகை கொடுத்து இருக்கிறோம். என் மனைவி தாதிய உத்தியோகத்தர். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு இடமாற்றம் கிடைத்திருக்கிறது. மேலதிக நேரக் கொடுப்பனவுடன் அவருக்குக் கைக்கு வருவது சுமார் 110,000 ரூபா. நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 190,000 ரூபா சம்பளத்தில் இருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று மேலாளர் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். மகள் எட்டாம் வகுப்பு. மகனுக்கு நான்கு வயது, முதலாம் வகுப்புக்கு விண்ணப்பிக்கும் காலம் நெருங்குகிறது. சேமிப்பு 85 இலட்சம்.

நல்லூர் கோயிலடியில் ஒரு மேல்மாடி பார்த்தோம்: மாதம் 60,000, ஒரு வருட முற்பணம். கொக்குவிலில் கிணற்றுடன் தனி வீடு 45,000, ஆறு மாத முற்பணம். நாவற்குழியில் நான்கு பரப்புக் காணி 60 இலட்சம் சொல்கிறார்கள். மானிப்பாயில் என் மனைவியின் அம்மம்மாவின் வளவு 14 பரப்பு இருக்கிறது. மாமியாருடன் பிறந்த ஆறு பேரும் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். "சொந்த வளவு இருக்க வாடகை எதற்கு, அங்கேயே கட்டுங்கள்" என்கிறார் மாமியார். ஊழியர் சேமலாப நிதியில் 30 சதவீதத்தை எடுத்து இப்போதே கட்டத் தொடங்கலாமா? பிள்ளைகளுடன் இருக்க எந்த இடம் நல்லது, ஐயா?

பதில்: முதல் ஒரு வருடம் கொக்குவிலில் வாடகைக்கு இருங்கள். காணியும் வேண்டாம், கட்டடமும் வேண்டாம்.

நான்கு இடங்களையும் நீங்கள் வாடகையையும் விலையையும் வைத்தே எடைபோட்டிருக்கிறீர்கள். உங்கள் குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய கணக்கு உங்கள் மனைவியின் வேலை நேரம். தாதியருக்குக் காலை 7 முதல் பகல் 1 வரை, பகல் 1 முதல் இரவு 7 வரை, இரவு 7 முதல் மறுநாள் காலை 7 வரை என்று முறை மாறி மாறி வரும். இரவு 7 மணிக்கு வாட்டைக் கையளித்துவிட்டு வாசலுக்கு வரும்போது ஏழரை ஆகிவிடும். அந்த நேரத்தில் வெள்ளவத்தைக் காலி வீதி பகல் போல இருக்கும். இங்கே யாழ்ப்பாணத்தில் கடைகள் அடைபடத் தொடங்கிவிடும், ஊர்ப்பக்கம் போகும் பஸ்களும் அருகிவிடும். மாதத்தில் பத்து இரவுகள் மானிப்பாய்க்கு ஆட்டோ பிடித்தால், தடவைக்கு 1,000 ரூபா என்று வைத்தாலும் 10,000 போய்விடும். அதற்கு மேல் மகளின் பாடசாலை வான், மாலையில் ரியூசன். யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ரியூசன் இல்லாமல் இருக்கப்போவதில்லை. நானும் நீங்களும் விரும்பாவிட்டாலும் அதுதான் இங்குள்ள நிலைமை. கொக்குவிலில் இருந்தால் இவை எல்லாம் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் எட்டும் தூரத்துக்குள் அடங்கிவிடும்.

பாடசாலைக்காகவே காணி வாங்கிவிட வேண்டும் என்ற அவசரம் இங்கே பலரிடம் இருக்கிறது. உங்கள் கடிதத்திலும் அது தெரிகிறது. அரச பாடசாலைகளின் முதலாம் வகுப்பில் பாதி இடங்கள் அண்மையில் வசிப்போரின் பிள்ளைகளுக்கு என்பது உண்மைதான். ஆனால் அந்த இடங்களுக்குப் புள்ளி போட்டுத்தான் தெரிவு செய்வார்கள், காணி உறுதி எழுதிய மாத்திரத்தில் புள்ளி வந்துவிடாது. முந்தைய ஐந்து வருட வாக்காளர் பட்டியலில் பெற்றோரின் பெயர் அந்த முகவரியில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உறுதி எத்தனை வருடம் பழையது என்றும் பார்ப்பார்கள். உங்கள் ஐந்து வருடமும் வெள்ளவத்தையில் கிடக்கிறது. நாளைக்கே 60 இலட்சத்தைக் கொட்டினாலும் உங்கள் மகனுக்கு அதனால் சேரும் புள்ளி சொற்பம்.

இன்னொரு விதியைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் வீட்டை மையமாக வைத்து, நீங்கள் கேட்கும் பாடசாலை வரை நேர்கோட்டுத் தூரத்தில் ஒரு வட்டம் போடுவார்கள். அதற்குள் உங்கள் பிள்ளை சேரக்கூடிய வேறு ஆரம்பப் பாடசாலைகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழியும். யாழ்ப்பாணத்தில் சந்திக்குச் சந்தி பாடசாலை. ஆகவே பெரிய பாடசாலைக்கு ஒரு கிலோமீட்டரில் வீடு கிடைத்தது என்று மகிழ்ந்தவர், இடையில் மூன்று சிறிய பாடசாலைகள் இருந்ததால் தோற்றுப்போவது சாதாரணம்.

உங்களுக்கு இருக்கும் உண்மையான வாய்ப்பு வேறு. சேவையின் தேவை கருதி இடமாற்றம் பெற்ற அரச உத்தியோகத்தரின் பிள்ளைகளுக்கு ஒரு சிறு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. மனைவியின் இடமாற்றக் கடிதத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். சேவைத் தேவை என்று இருக்கிறதா, சொந்த வேண்டுகோள் என்று இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடிதம் சாதகமாக இல்லையென்றால் கொக்குவிலில் வீட்டுக்கு மிக அருகே உள்ள பாடசாலையில் மகனைச் சேருங்கள். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையின் பின் ஆறாம் வகுப்பில் இன்னொரு கதவு திறக்கும். மகளுக்கு விதி வேறு: எட்டாம் வகுப்பில் இடம் காலியாக இருந்தால்தான் கிடைக்கும். வேம்படி போன்ற தேசிய பாடசாலைக்கு விண்ணப்பியுங்கள், அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். கொக்குவில் இந்துக் கல்லூரியிலும் வலயக் கல்வி அலுவலகத்திலும் அதே வாரத்தில் விசாரியுங்கள்.

இனி மானிப்பாய். உங்கள் மாமியார் ஆசையில் சொல்கிறார், அதில் பிழை இல்லை. ஆனால் அந்த வளவு உங்களுடையதும் அல்ல, இன்றைக்கு முழுமையாக அவருடையதும் அல்ல. 14 பரப்பில் ஏழில் ஒரு பங்கு இரண்டு பரப்பு, வெள்ளவத்தைக் கணக்கில் 20 பேர்ச். அந்த இரண்டு பரப்பு வளவின் எந்த மூலையில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். யாராலும் காட்ட முடியாது, ஏனென்றால் காணி பிரிக்கப்படவில்லை. கிணறு இருக்கும் பக்கத்தில் நீங்கள் 70 இலட்சத்துக்கு வீடு கட்டிய பின், ரொறன்ரோவில் இருக்கும் பெரிய மாமா வழக்குப் போட்டால், உங்கள் அத்திவாரம் அவருடைய பங்கில் விழாது என்று எந்தச் சட்டத்தரணியும் உத்தரவாதம் தரமாட்டார். பிரிக்காத பங்கை ஈடாக வைத்துக் கடன் தரும் வங்கியைக் கண்டுபிடிப்பதும் கடினம்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை உங்களுக்கு இங்கே ஓரளவு துணை நிற்கிறது. வடமாகாணக் காணியில் ஒருவர் தம் பங்கை விற்கும்போது, பங்காளிகளுக்கும் அவருடைய வாரிசாக வரக்கூடியவர்களுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் சட்டம் அதற்கு நடைமுறை வகுத்திருக்கிறது. ஆகவே மாமாமார் தங்கள் பங்குகளை வெளியாருக்கு விற்க முற்பட்டால் உங்கள் மாமியார் தடுத்துத் தாமே வாங்கலாம். அதே உரிமை மற்றவர்களுக்கும் உண்டு என்பதால், இரகசியமாக ஒருவரிடம் மட்டும் பேசி முடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

செய்யக்கூடியது இதுதான். ஏழு பேரும் இணங்கினால் நில அளவையாளரைக் கொண்டு அளந்து, பாகப்பிரிவினை உறுதி எழுதுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தின் ஊடாக உறுதிப்படுத்திய அற்றோணித் தத்துவம் (தம் சார்பில் கையொப்பமிட ஒருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) அனுப்பி, அதை இங்கே பதிய வேண்டும். பிறகு மாமியார் தம் துண்டை மகளுக்கு நன்கொடை உறுதியாக எழுதலாம். அவருக்குத் தேசவழமை பொருந்தி, மாமனார் உயிரோடு இருந்தால் கணவரின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். புதிய உறுதியில் "கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும்" ஒவ்வொரு துண்டுக்கும் எழுதப்பட்டிருக்கிறதா என்று நீங்களே வாசியுங்கள். அந்த ஒரு வரி விடுபட்டதால் சொந்தச் சகோதரர்கள் ஒழுங்கைக்கும் கிணற்றுக்கும் நீதிமன்றம் ஏறிய ஊர் இது. ஏழு கையொப்பங்களும் சேர ஒரு வருடம் எளிதாகப் போய்விடும். நீங்கள் வாடகைக்கு இருக்கப்போகும் வருடத்தை இதற்குப் பயன்படுத்துங்கள்.

நாவற்குழிக் காணியை மறந்துவிடுங்கள். கடல்நீரேரி பக்கத்தில், உவர் நீர். மாரி மழையில் ஒருமுறை போய்ப் பார்க்காமல் அங்கே யாரும் பணம் கட்டக்கூடாது. 60 இலட்சத்துக்கு முத்திரைத் தீர்வை மட்டும், முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதமும் மிகுதிக்கு 4 சதவீதமுமாக, 239,000 ரூபா வரும். நொத்தாரிசுக் கட்டணம் தனி. நல்லூர் மேல்மாடி வசதியான இடம்தான். ஆனால் 720,000 ரூபாவை ஒரேயடியாகக் கொடுக்க வேண்டும். கந்தசுவாமி கோயில் திருவிழாவின் 25 நாளும் சுற்றுவீதிகள் வாகனங்களுக்கு மூடப்படும்போது, இரவு முறை முடித்து வரும் ஒருவருக்கு அது பக்தியை மீறிய சோதனை.

கொக்குவில் வீட்டில் ஒன்றைச் சோதிக்காமல் கையொப்பம் வைக்க வேண்டாம்: கிணற்று நீர். கொக்குவில், கோண்டாவில், திருநெல்வேலிப் பக்கம் செம்மண் தோட்ட நிலம். அடியில் சுண்ணாம்புக்கல். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட உரமும் அயலவரின் மலக்குழி நீரும் அந்தக் கல்லின் வெடிப்புகளால் கிணற்றுக்கு இறங்கும். நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குடிக்க ஏற்றதல்ல என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கொதிக்க வைத்தால் போய்விடும் என்று வீட்டுக்காரர் சொல்வார். போகாது, நீர் வற்றுவதால் இன்னும் செறியும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் ஒரு போத்தல் கொடுத்துப் பாருங்கள். 2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்ட பின் குழாய் நீர் பல இடங்களுக்கு வருகிறது. அந்த ஒழுங்கைக்கு இணைப்பு வந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் குடிநீர்ச் செலவை வாடகையோடு கூட்டிப் பாருங்கள்.

வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்து, உறவினர் ஒருவர் வாடகை வாங்குகிறார் என்றால் அவருக்கு அந்த அதிகாரம் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதினால்தான் செல்லும். ஆறு மாத முற்பணமான 270,000 ரூபா மாதாமாதம் கழிபடுமா, வெளியேறும்போது திரும்பக் கிடைக்குமா என்று அதில் தெளிவாக இருக்கட்டும். வாடகைக்காரரின் பெயரை வாக்காளர் பட்டியலில் ஏற்ற வீட்டுக்காரர்கள் தயங்குவார்கள், வீடு பறிபோய்விடும் என்ற வீண் பயம். அதற்குச் சம்மதம் என்ற வரியையும் சேர்த்து, வந்தவுடன் கிராம அலுவலரிடம் பதியுங்கள்.

பணத்தைப் பற்றி. முற்பணம், லொறி, மின்சார வேலை எல்லாம் சேர்த்து 5 இலட்சம் ஒதுக்குங்கள். இங்கே உங்கள் மாதச் செலவு 170,000 என்று வைத்தால், உங்கள் சம்பளம் நின்றுபோனால் மனைவியின் வருமானத்தில் 60,000 துண்டு விழும். ஒரு வருடத்துக்கு 720,000. ஆகவே எதிர்பாராத செலவுக்கும் சேர்த்து 12 இலட்சம் சேமிப்புக் கணக்கில், கேட்டவுடன் எடுக்கும் விதத்தில் இருக்கட்டும். மிச்சம் 68 இலட்சத்தை மூன்று, ஆறு, பன்னிரண்டு மாத நிலையான வைப்புகளாகப் பிரியுங்கள். வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான். தேசிய சேமிப்பு வங்கி வைப்புகளுக்கு அரசின் முழு உத்தரவாதம் உண்டு. பெரும் பகுதியை அங்கே வைக்க நான் சொல்வது அதனால்தான். கூடுதல் வட்டி தருகிறோம் என்று நிதி நிறுவனங்களின் முகவர்கள் வீடு தேடி வருவார்கள், தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். வாடகையில் மிஞ்சும் 50,000 ரூபாவை முதல் மாதத்திலிருந்தே தனிக்கணக்குக்கு மாற்றினால் வருடத்தில் 6 இலட்சம் சேரும்.

சேமலாப நிதியைத் தொட வேண்டாம். பத்து வருட அங்கத்துவமும் கணக்கில் மூன்று இலட்சமும் இருந்தால் வீட்டுக்கு 30 சதவீதம் எடுக்கலாம் என்பது சரி. மானிப்பாய் உறுதி உங்கள் மனைவியின் பெயருக்கு வரும் நாளில் அதைப் பற்றிப் பேசலாம்.

கடைசியாக, மேலாளரின் வாய்மொழி. இந்தத் திட்டம் முழுவதும் நிற்பது 190,000 ரூபாவின் மேல், அந்த 190,000 நிற்பது ஒருவர் சொன்ன பேச்சின் மேல். எத்தனை மாதத்துக்கு, மாதத்தில் எத்தனை நாள் கொழும்புக்கு வர வேண்டும், பயணச் செலவு யாருடையது என்பதை மனிதவளப் பிரிவிடமிருந்து கடிதமாக வாங்குங்கள். அது கைக்கு வரும் வரை கொக்குவில் வீட்டுக்காரருக்கு முற்பணம் அனுப்ப வேண்டாம்.