பாக் விரிகுடாவில் கயாக் ஓட்ட, செயலியில் அலை உயரம் பார்த்தால் போதாதா?

கேட்டவர் கொடுத்திருக்கும் விவரம் இவ்வளவுதான். சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம், புதிதாக ஒரு கயாக் வாங்கியிருக்கிறார், வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், கரையை ஒட்டியே ஓட்டப் போகிறார். ஆழம் இடுப்பளவு. செயலியில் அலை 0.3 மீட்டருக்கு மேல் காட்டியதே இல்லை. பிறகு எதற்குக் காற்று, நீர் ஏற்ற இறக்கம் என்று மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டும் என்கிறார்.

போதாது. நானும் அந்த 0.3 மீட்டரைப் பார்த்துவிட்டு இறங்கியவன்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கடலோடி கிடையாது. அம்மா பிறந்த ஊர் கடற்கரை ஊர், அவ்வளவுதான் எனக்கும் கடலுக்கும் உறவு. பரமக்குடியில் வளர்ந்து, சென்னையில் கணினி முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிறேன். தலைமுறை தலைமுறையாகத் தொழிலுக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு "இதெல்லாம் எங்க வீட்டுச் சின்னப் பிள்ளைக்கே தெரியும்" என்று எழுதுவீர்கள். தெரியும்தான். உங்களுக்காக எழுதவில்லை. கேட்டவரும் என்னை மாதிரி, கடலோரத்தில் சொந்தக்காரர்களை மட்டும் வைத்திருக்கிற ஆள் என்று தோன்றுவதால் எழுதுகிறேன். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே முதல் ஆள் அதைத்தான் கேட்பார்.

கொரோனாவுக்கு அப்புறம் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்த நாட்கள். ஜூன் முதல் வாரம், சனிக்கிழமை. மண்டபத்துக்கும் பிரப்பன்வலசைக்கும் நடுவில் ஒரு கரை, ஊர்ப்பெயர் வேண்டாம். பழைய பிளாஸ்டிக் கயாக் ஒன்றை வாங்கி மாமா வீட்டில் போட்டிருந்தேன். மஞ்சள் நிறம், பத்தடி நீளம். காலை ஏழரை மணிக்கு இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் விட்டேன். கடல் குளம் மாதிரி கிடந்தது. கீழே கடற்புல் ஒவ்வொரு தாளாகத் தெரிந்தது. பின்னால் கரையில் தென்னை மட்டைகள் சலசலத்துக்கொண்டிருந்ததும் காதில் விழுந்தது. இப்போது நினைத்தால், அன்றைக்குத் தெரிந்துகொள்ள வேண்டிய மொத்த வானிலை அறிக்கையும் அந்தச் சத்தத்தில்தான் இருந்தது. நான் "ஆஹா, என்ன இதமான காற்று" என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு துடுப்புப் போட்டால் வழுக்கிக்கொண்டு போகிறது. நிறுத்தினாலும் போகிறது. நம் கையில் இவ்வளவு பலமா என்று எனக்கே பெருமை. முக்கால் மணி நேரம் போனபிறகு, தாகம் எடுக்கிறதே, திரும்பலாம் என்று மூக்கைக் கரைப்பக்கம் திருப்பினேன். திரும்பிய உடனே முகத்தில் அறைந்த மாதிரி காற்று.

பக்கத்தில் நண்டு வலைக்குப் போட்டிருந்த தெர்மாகோல் மிதவை ஒன்று மிதந்துகொண்டிருந்தது. குனிந்து மூச்சுப் பிடித்துத் துடுப்புப் போட்டேன். பத்து நிமிடம் கழித்து நிமிர்ந்து பார்த்தால் அதே மிதவை, அதே இடத்தில். சரி, இன்னும் கொஞ்சம் என்று போட்டேன். அடுத்த முறை பார்த்தபோது மிதவை எனக்கு முன்னால், கரைப்பக்கமாக, பத்துப் பதினைந்து அடி தள்ளி இருந்தது. மிதவை நங்கூரம் போட்டுக் கட்டியது, அது நகராது. நான்தான் துடுப்புப் போட்டுக்கொண்டே பின்னால் போய்க்கொண்டிருந்தேன்.

அந்த இடத்தில் கடலும் குளமாக இல்லை. கரையோரம் கண்ணாடி, கரையை விட்டு விலக விலகச் சின்னச் சின்னதாக, நெருக்கி நெருக்கி அலை. உயரம் என்று பார்த்தால் முழங்கால்கூட வராது. ஆனால் ஒன்று வந்து மூக்கில் அடித்து அது வடிவதற்குள் அடுத்தது அடிக்கும். ஆழமில்லாத கடலில் காற்று எழுப்புகிற அலை அப்படித்தான். வங்காள விரிகுடாவின் பெரிய அலை தூக்கித் தாலாட்டி இறக்கும், இது குத்தும்.

மீன்பிடித் தடைக்காலம் முடியவில்லை, விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லாததால் நான் பிழைத்தேன். வத்தை என்கிற நாட்டுப்படகு ஒன்று வந்தது. ஒரு பெரியவர், அவர் மகன். நான் கையைக் காட்டவே இல்லை, வெட்கம். அவர்களாகவே வந்து கயிற்றை எறிந்தார்கள். மகன் சிரித்துக்கொண்டிருந்தான். பெரியவர் சிரிக்கவில்லை.

"தம்பி, கச்சான் காலத்துல இந்தக் கரையில அலை இருக்காது. அலை இல்லைன்னுதான் நீங்கள்லாம் இறங்குறீங்க. போறது சுளுவு. திரும்புறதுக்குத்தான் ஆளு வேணும்."

இந்த ஒரு பேச்சில் உங்கள் கேள்விக்கு முக்கால்வாசிப் பதில் இருக்கிறது. கச்சான் தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை. வடகடல் கரையில் நிற்கிறவனுக்கு அது முதுகுப்பக்கம், நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. அலை எழும்பக் காற்றுக்குத் தண்ணீர்மேல் ஓடத் தூரம் வேண்டும். கரையோரம் அந்தத் தூரம் கிடையாது, அதனால் தண்ணீர் சமர்த்தாகக் கிடக்கும். அதே காற்றுத் தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், நேரே கரைமேல் வந்து அடிக்கும், அலையைப் பார்த்தாலே யாரும் இறங்க மாட்டார்கள். ராமேஸ்வரம் பக்கம் வடகடலைப் பெண்கடல், தென்கடலை ஆண்கடல் என்பார்கள். அந்தப் பெயரை நம்பியும் இறங்காதீர்கள். ஐப்பசிக்கு அப்புறம் வடகிழக்கிலிருந்து வாடை அடிக்க ஆரம்பித்தால் கதை தலைகீழ், அப்போது பெண்கடல்தான் சாமியாடும்.

செயலியில் நான் செய்த தப்பு இரண்டு. காற்று வேகம் 8 என்று போட்டிருந்தது. மணிக்கு எட்டுக் கிலோமீட்டர், மின்விசிறிக் காற்று என்று விட்டுவிட்டேன். அது விநாடிக்கு 8 மீட்டர். மணிக்கு ஏறக்குறைய 29 கிலோமீட்டர். சில செயலிகள் நாட் (knot) என்ற அலகில் காட்டும், ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். எந்த அலகு என்று அமைப்பில் போய்ப் பாருங்கள், முடிந்தால் கிலோமீட்டருக்கு மாற்றி வையுங்கள். புதிதாக ஓட்டுகிறவர் நன்றாகத் துடுப்புப் போட்டாலே மணிக்கு ஐந்து கிலோமீட்டர்தான் போவார், அதுவும் காற்றில்லாதபோது.

இரண்டாவது தப்பு, வானிலை ஆய்வு மையம் அன்று எச்சரிக்கையே விட்டிருந்தது. "மன்னார் வளைகுடா மற்றும் குமரிக்கடல் பகுதிகளில் சூறாவளிக் காற்று வீசக்கூடும், மீனவர்கள் இப்பகுதிகளுக்குச் செல்ல வேண்டாம்" என்று வருமே, அதேதான். நான் இருப்பது பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா இல்லையே என்று சட்டம் பேசினேன். மண்டபத்தில் நிலம் எவ்வளவு ஒடுங்கல் என்று தெரிந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம் என்று புரியும். ஒரு கடலில் குளித்துவிட்டு ஈரம் காய்வதற்குள் இன்னொரு கடலுக்கு நடந்துவிடலாம். காற்று எல்லைக்கல் பார்த்து நிற்குமா?

சரி, நீர் ஏற்ற இறக்கம். வத்தை எங்களைக் கரைவரை கொண்டுவரவில்லை, கொண்டுவர முடியவில்லை. நான் இறங்கியபோது முழங்கால் அளவு இருந்த இடத்தில் கணுக்கால் அளவுகூட இல்லை, தண்ணீர் வற்றி உள்ளே போயிருந்தது. முந்நூறு, நானூறு அடி கயாக்கை இழுத்துக்கொண்டு நடந்தேன். கடற்புல்லுக்குக் கீழே சேறு, சேற்றில் சிப்பி. "காலைத் தூக்கி வைக்காதீங்க, தேய்ச்சுத் தேய்ச்சு நடங்க, திருக்கை படுத்திருக்கும்" என்று பின்னாலிருந்து சத்தம் போட்டார் பெரியவர். தேய்த்துத் தேய்த்து நடந்தேன். இடது பெருவிரலில் அந்தச் சிப்பித் தழும்பு இன்னும் இருக்கிறது.

நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது. குஜராத் கட்ச், காம்பாத் பக்கம்போல ஆள்கணக்கில் ஏறி இறங்காது. அதை வைத்துத்தான் "இங்கே ஏற்ற இறக்கமெல்லாம் ஒரு பொருட்டா" என்று கேட்கிறார்கள். ஆனால் பாக் விரிகுடாவின் தரை தாம்பாளம் மாதிரி. அரை மீட்டர் இறங்கினாலே கரை நூறு மீட்டர், இருநூறு மீட்டர் தள்ளிப் போய்விடும். நிலத்திலிருந்து காற்றும் அடித்தால் அது தன் பங்குக்குத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். எந்த அட்டவணையிலும் அந்தக் கூடுதல் இருக்காது.

ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றத்துக்குப் பன்னிரண்டரை மணி நேரம் சுமாராக, அதனால் தினமும் ஐம்பது நிமிடம் பின்னால் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம், நீரோட்டமும் வேகம். அட்டமி, நவமியில் மந்தம். நம் வீட்டில் அட்டமி நவமியில் ஒரு நல்ல காரியமும் தொடங்க விடமாட்டார்கள், ஆனால் கயாக் பழகுகிறவனுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. இன்னொன்று, செயலி தானாக எந்த ஊர் நேரத்தை எடுத்துக் காட்டுகிறது என்று பாருங்கள். எனக்குத் தூத்துக்குடி நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அது தென்கடல். நடுவில் ராமர் பாலத்து மணல்திட்டுகளும் பாம்பன் தீவும் கிடக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஏறி இறங்காது.

அலை உயரக் கணக்கையும் இதே சந்தேகத்தோடு பாருங்கள். கணினி கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுகிறது. கட்டம் பெரிதாக இருந்தால், இப்படி ஒடுங்கிய ஆழமில்லாத கடலில் உங்கள் கரை எந்தக் கட்டத்துக்குள் மாட்டுகிறது என்பதே அதிர்ஷ்டம். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (INCOIS) என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் நம் கடலுக்கென்றே அலை, காற்று, நீரோட்டம் எல்லாம் இலவசமாகத் தருகிறது, முதலில் அதைப் பார்க்கலாம்.

இதைச் சொல்லும்போது எனக்கு இன்னொரு எரிச்சல் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மாதம் தவறாமல் தொலைக்காட்சியில் ஒரு செய்தி: "ராமேஸ்வரத்தில் திடீரென உள்வாங்கிய கடல், தரைதட்டிய படகுகள், பொதுமக்கள் அச்சம்!" எந்தப் பொதுமக்கள்? செய்தியாளருக்குப் பின்னாலேயே இரண்டு பெண்கள் நிதானமாகச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். அச்சப்படுகிற ஒரே பொதுமக்கள் பரமக்குடியில் இருக்கும் என் அம்மா. உடனே எனக்குப் போன், "டேய், எங்க இருக்க, கடல் உள்வாங்கிருச்சாம்." நான் வேளச்சேரியில் இருப்பேன். 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்தவர்களுக்கு அந்த வார்த்தையைக் கேட்டால் வயிறு கலங்கும், அதைக் கேலி செய்யவில்லை. அதனால்தான் கோபமே. ஆழிப்பேரலைக்கு முன்னால் கடல் உள்வாங்கினால் நிமிடக் கணக்கில் உள்ளே போகும், வற்றம் மணிக்கணக்கில் போகும். இதை ஒருநாள் சொல்லியிருக்கிறார்களா? தங்கம் கிராமுக்கு எவ்வளவு என்று தினமும் ஓடவிடுகிறார்கள். இன்று பாம்பனில் எத்தனை மணிக்கு ஏற்றம், எத்தனை மணிக்கு வற்றம் என்று கீழே ஒரு வரி ஓடவிட்டால் என்ன குறைந்துவிடும்?

விடுங்கள். உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

மாசி, பங்குனியில் பழகுங்கள், வாடை ஓய்ந்து கச்சான் பிடிப்பதற்கு முந்தின இடைவெளி அது. கச்சான் காலத்தில்தான் விடுமுறை கிடைக்கும் என்றால் விடிந்ததும் இறங்கி, எட்டரை ஒன்பதுக்குள் கரையேறிவிடுங்கள். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். போகும்போது காற்றுக்கு எதிராகப் போங்கள், களைத்துப் போனாலும் அது உங்களைத் திரும்பக் கொண்டுவந்து விடும். காற்று முதுகுப்பக்கம் என்றால் கரையை விட்டு விலகாமல், எழுந்து நின்றால் கால் எட்டுகிற ஆழத்திலேயே ஓட்டுங்கள். பாம்பன் கால்வாய்ப் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள், பாலத்தடியில் நீர் ஆறு மாதிரி ஓடும், கச்சானில் வடக்கே, வாடையில் தெற்கே. பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால், அது ஒன்றாம் எண்ணாகவே இருந்தாலும், அன்றைக்கு வீட்டில் பிரியாணி செய்து சாப்பிடுங்கள். தென்கடல் பக்கம் தீவுகளுக்குப் போகும் ஆசை இருந்தால், அந்த 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா, அனுமதியில்லாமல் இறங்கக்கூடாது.

போனில் 1093-ஐயும் 1554-ஐயும் பதிந்து வையுங்கள். முதலாவது தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம், அடுத்தது கடலோரக் காவல்படை. போனைத் தண்ணீர் புகாத பையில் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள். நான் கரையில், மாமா வண்டியில் வைத்துவிட்டுப் போயிருந்தேன், நனைந்துவிடும் என்று.

பெரியவர் காசு வாங்கவில்லை. கயாக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு விலை மட்டும் கேட்டார். சொன்னேன். மகனைத் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார், அதை இங்கே எழுதினால் பதிலை நீக்கிவிடுவார்கள்.

எந்த ஊர்க் கரை, கயாக் எத்தனை அடி என்று கருத்தில் போடுங்கள். அந்தப் பக்கம் தொழிலுக்குப் போகிறவர் யாராவது படித்தால் என்னைவிட ஒழுங்காகச் சொல்வார்.