கூடாரம் மேலே, நாய் எங்கே?

டபுள் கெப்பில் (பின்பெட்டி உள்ள பிக்கப் வாகனத்தில்) கூரைக் கூடாரம் பூட்டி, நாயையும் ஏற்றிக்கொண்டு கடற்கரையில் தங்கப் புறப்படுபவர்கள் கேட்டிருக்கும் கேள்விகளுக்கு இம்முறை பதில்.

கெப்பின் கூரையில் மடிப்புக் கூடாரம் பூட்டப் போகிறோம். எங்கள் நாய்க்கு ஆறு வயது, 24 கிலோ. ஏணியில் ஏறப் பழக்கலாமா? கூரை எல்லோரையும் தாங்குமா?
வாசகி, உப்புவெளி

பழக்க வேண்டாம். ஏறுவது சில நாய்களுக்குக் கைவரும்; இறங்குவதுதான் வில்லங்கம். கூடார ஏணி ஏறக்குறைய 70 பாகைச் சரிவில் நிற்கும். நாய் தலையை முன்னே நீட்டித்தான் இறங்கும். உடம்புப் பாரம் முழுவதும் தோளிலும் முன்னங்கால் மூட்டிலும் விழும். இரண்டு படிகளுக்கு நடுவே கால் புகுந்துவிட்டால் எலும்பு முறிய ஒரு நொடி போதும்.

சரிவுப் பலகை வைக்கலாமே என்பீர்கள். நாய் பயமில்லாமல் நடக்கக்கூடிய சரிவு 25 பாகை அளவுதான். கூரைக் கூடாரத்தின் தளம் நிலத்திலிருந்து 2 மீற்றர் உயரத்தில் இருந்தால், அந்தச் சரிவுக்குப் பலகை 4.7 மீற்றர் நீளம் வேண்டும். அதை எங்கே கட்டிக்கொண்டு போவது?

எனவே கூடாரம் வாங்குமுன் நாய் எந்த வழியால் ஏறும் என்பதை முடிவு செய்யுங்கள். எங்கள் சிபாரிசு: கூரையை விட்டுவிட்டு, பின்பெட்டியின் பக்கச் சுவர் மட்டத்தில் குறுக்குச் சட்டங்கள் போட்டுக் கூடாரத்தை அங்கே பூட்டுங்கள். தளம் 1.3, 1.4 மீற்றருக்கு இறங்கிவிடும். கூடாரம் பக்கவாட்டில் விரியும்படி வையுங்கள். அப்போது பின்கதவு உங்களுக்கு மிஞ்சும். திறந்து விழுத்திய பின்கதவு பல கெப்களில் 85 சென்ரிமீற்றர் அளவு உயரத்தில் நிற்கும். 2 மீற்றர்ப் பலகை போட்டால் அதே 25 பாகைச் சரிவு கிடைத்துவிடும். அங்கிருந்து கூடாரத்தின் பின்பக்க ஜன்னல் வழியே உள்ளே போக அரை மீற்றர்தான். நடுவில் உறுதியான ஒரு பெட்டி வைத்தால் கிழட்டு நாயும் ஏறும்.

பலகைக்கு 12 மில்லிமீற்றர் பிளைவூட், 40 சென்ரிமீற்றர் அகலம், அடியில் நீளவாக்கில் இரண்டு மரச்சட்டம். சட்டம் இல்லாவிட்டால் நடுவில் துள்ளும். ஒருமுறை துள்ளினால் நாய் அதன்பின் அந்தப் பக்கமே வராது. மேலே தும்புப் பாயை ஒட்டி ஓரத்தில் ஆணி அடியுங்கள். வெறும் அலுமினியத் தகடு வெயிலில் பாதத்தைச் சுடும், ஈரத்தில் வழுக்கும். முதலில் முற்றத்தில் தட்டையாகப் போட்டு நடத்துங்கள். பிறகு ஒரு முனையை ஒரு கல்லில், அடுத்து நான்கு கல்லில், கடைசியாகப் பின்கதவில். ஒரு கிழமை எடுக்கும். கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்தால் ஒரு மாதம் எடுக்கும்.

இந்த ஏற்பாட்டில் குறையும் உண்டு. முன்பக்க ஜன்னலைக் கெப்பின் முதுகு மறைப்பதால் அந்தப் பக்கக் காற்று வராது. பின்பெட்டியில் உயரமான சாமானும் வைக்க முடியாது. கூடாரத்தோடு வந்த ஏணி குட்டை உயரத்துக்குச் சுருங்குமா என்றும் பார்த்து வாங்குங்கள்.

பாரத்தைப் பற்றி: குறுக்குச் சட்டத்தில் எழுதியிருக்கும் எண் பெரும்பாலும் வாகனம் ஓடும்போது தாங்கும் அளவு. அதற்குள் அடங்க வேண்டியது கூடாரமும் அதிலேயே விட்டுவைத்த படுக்கையும்தான். 60 கிலோக் கூடாரம், 8 கிலோப் படுக்கை என்றால் 68. கிரவல் ரோட்டில் ஓடுவதென்றால் எழுதியிருப்பதில் மூன்றில் இரண்டு பங்கையே கணக்கெடுங்கள். நிறுத்திய பின் ஆட்களும் நாயும் ஏறும் பாரத்தை அதே சட்டம் பல மடங்கு தாங்கும். ஆனால் விரிந்து வெளியே நிற்கும் பாதித் தளத்தை ஏணிதான் தூக்கி நிற்கிறது. நிலாவெளி மணலில் ஏணிக்கால் புதைந்து நடு இராத்திரியில் தளம் சரிவது அதனால்தான். ஒவ்வொரு காலுக்கும் ஓரடிச் சதுரப் பலகைத் துண்டு வையுங்கள்.

பத்துக் கிலோவுக்கு உட்பட்ட நாய் என்றால் தூக்கி ஏற்றலாமா?
வாசகர், பாலையூற்று

தாராளமாக. ஆனால் இரண்டு பேர் வேண்டும். நெஞ்சையும் வயிற்றையும் தாங்கும், முதுகில் கைபிடி உள்ள அங்கிப்பட்டி போடுங்கள். ஒருவர் கூடாரத்துக்குள் முழங்காலில் இருந்து வாங்க, மற்றவர் ஏணியின் இரண்டாம் படியில் நின்று கொடுப்பது. ஒரு கையில் நாய், மறுகையில் டோர்ச் என்று தனியாக ஏறுவது விழுவதற்கே. டாஷண்ட் போன்ற நீள முதுகு நாய்க்குப் பின்பகுதியையும் சேர்த்துத் தாங்குங்கள். உள்ளே கட்டுவதென்றால் கழுத்தில் கட்டாதீர்கள். தூக்கத்தில் வாசலால் விழுந்தால் அது தூக்குக் கயிறு. அங்கிப்பட்டியில், வாசல் விளிம்பை எட்டாத நீளத்தில் கட்டுங்கள்.

நாங்கள் மேலே படுக்க, நாயைக் கெப்புக்குள் கண்ணாடியை இரண்டு அங்குலம் இறக்கி விட்டுப் படுக்க வைத்தால் என்ன?
வாசகர், சீனக்குடா

வேண்டாம். வெயிலில் நிற்கும் மூடிய வாகனத்தினுள் வெப்பம் பத்து நிமிடத்தில் பத்துப் பாகை அளவு ஏறும். இரண்டு அங்குல இடைவெளி அதைப் பெரிதாகத் தடுக்காது. இரவில் விட்டுவைத்தாலும், கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து நேரே முகத்தில் அடிக்கும்போது நீங்கள் மேலே நல்ல நித்திரையில் இருப்பீர்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இது இன்னும் மோசம்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிராபத்து. நாக்கைத் தொங்கவிட்டு விடாமல் மூச்சிளைப்பது, கெட்டி எச்சில், செக்கச் சிவந்த பல்முரசு, தள்ளாட்டம் ஆகியவை அடையாளங்கள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஈரத் துவாயால் போர்த்தி மூடி வைத்தால் சூடு உள்ளேயே நிற்கும். ஊற்றிக்கொண்டே மிருக வைத்தியரிடம் ஓடுங்கள்.

குடிநீர்க் கணக்கு: சாதாரண நாளில் கிலோவுக்கு 60 மில்லிலீற்றர், வெக்கையில் இரட்டிப்பு. 24 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு 3 லீற்றர் தனியாக ஏற்றுங்கள். தாகத்தில் கடல்நீரைக் குடித்த நாய் இரவெல்லாம் வாந்தியும் பேதியுமாக இருக்கும், அதுவும் உங்கள் மெத்தையில்.

குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் கடற்கரையில் நாயோடு தங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
வாசகி, திருகோணமலை நகர்

முதலில் கரைவலை. வலை இழுக்கும் கரைத்துண்டில் வாகனத்தை நிறுத்தாதீர்கள். மீனவர் வாடியில் இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு இடம் பிடியுங்கள். நல்ல தண்ணீர் எங்கே எடுக்கலாம் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

இரண்டாவது, பலர் அறியாதது: வலையிலிருந்து கழித்து எறிந்த பேத்தை மீன். அதன் நஞ்சு காய்ந்தாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது, மாற்று மருந்தும் இல்லை. தின்ற நாய் வாந்தி எடுக்கும், பின்னங்கால் தளரும், பிறகு மூச்சுத் திணறும். மூச்சு நிற்காமல் வைத்திருப்பதுதான் வைத்தியம் என்பதால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. வலை இழுத்த கரையில் நாய் கயிற்றிலேயே நடக்கட்டும். அறுந்த தூண்டில் முள், கெளிற்று முள் இரண்டுக்கும் அதுவே காவல். ஆமை முட்டையிடும் கரைகளில் நாய் மணலைத் தோண்டாமலும் இருக்கும்.

மணலின் சூட்டைப் புறங்கையால் பாருங்கள். ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது.

புறாத்தீவுக்கு நாயைக் கொண்டுபோக முடியாது. 2003 முதல் அது தேசிய பூங்கா. ஒருவர் படகில் போக மற்றவர் நாயோடு கரையில் நிற்பதுதான் வழி.

மென்மணலில் இறங்குமுன் ரயர் காற்றை 18 பீஎஸ்ஐ அளவுக்குக் குறையுங்கள். தார் ரோட்டில் ஏறியதும் திரும்ப அடிக்க பம்ப் கையோடு இருக்க வேண்டும்.

ஒரே பயணத்தில் மெத்தையின் அடியில் கறுப்புப் புள்ளிகள். மழையே பெய்யவில்லை. ஏன்?
வாசகர், கிண்ணியா

மழை வெளியே பெய்யவில்லை, உள்ளே பெய்திருக்கிறது. மூச்சும் வியர்வையும் சேர்ந்து ஓர் இரவில் ஒருவரிடமிருந்து ஏறக்குறைய கால் லீற்றர் நீர் வெளியேறும். நாய் இளைத்தே உடம்பைக் குளிராக்குவதால் அதன் பங்கும் குறைவில்லை. அந்த ஆவி மெத்தைக்குக் கீழேயுள்ள குளிர்ந்த தளத்தில் நீராகிறது. மூடி மடித்து இரண்டு நாள் விட்டால் பூஞ்சணம்.

மெத்தைக்கும் தளத்துக்கும் நடுவே காற்றோடும் வலைப்பின்னல் விரிப்பு போடுங்கள். எதிரெதிரான இரண்டு ஜன்னல்களை நுளம்பு வலை மட்டும் மூடியபடி திறந்து வையுங்கள். நாய் படுக்கும் பக்க வலைக்குக் குறுக்கே ஒரு பலகையை நிறுத்துங்கள். வெளியே நரி ஊளையிட்டால் நகம் நேரே வலையில்தான். வீட்டுக்கு வந்த அன்றே விரித்துக் காய வையுங்கள். வந்த புள்ளியை வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைக்கலாம். குளோரின் போடாதீர்கள், துணியின் நீர்காப்புப் போய்விடும்.

சட்டத்து போல்ற்றைச் சுற்றி வெள்ளைப் பொடி. நட் கழற்ற வருகுதில்லை.
வாசகர், மூதூர்

அலுமினியச் சட்டத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ற், மேலே கடல் உப்பு: மூன்றும் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கப்படும். ஊடுருவும் எண்ணெய் தெளித்து ஓர் இரவு விட்டு, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். பலத்தைக் காட்டினால் போல்ற் முறியும். புதிதாகப் பூட்டும்போது புரியில் கிறீஸ் தடவி, நைலோன் வளையம் உள்ள நட் போடுங்கள். முதல் 50 கிலோமீற்றரில் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். கடற்கரையால் வந்ததும் சட்டம், ஏணி, கூடாரத்தின் சிப் (zip) எல்லாவற்றையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். சிப் இறுகினால் மெழுகுதிரியைத் தேய்த்தால் போதும்.

கந்தளாய்க் குளத்தருகே தங்க ஆசை. உயரத்தில் படுப்பதால் யானைப் பயம் இல்லைதானே?
வாசகர், தம்பலகாமம்

கூடாரம் யானையின் தும்பிக்கைக்கு நல்ல உயரம். நாய் குரைத்தால் யானை விலகிப் போகும் என்று நம்பாதீர்கள். பல வேளைகளில் நாயைத் துரத்திக்கொண்டு வரும், நாய் உங்களிடம் ஓடி வரும். குளத்தங்கரையில் முதலையும் உண்டு. பகலில் பார்த்துவிட்டு, மாலைக்குள் மதில் உள்ள ஒரு தங்குமிட வளவுக்குள் கெப்பைக் கொண்டுவந்து விடுங்கள்.