தொப்பைக்குள் என்ன அழற்சி?

கேள்வி: காய்ச்சல் இல்லை, புண் இல்லை. ஆனாலும் உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஹெச்.எஸ்.-சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனையில் 4.6 என்று வந்திருக்கிறது. எடைதான் காரணம் என்கிறார் டாக்டர். கொழுப்பு சும்மா சேர்ந்து கிடப்பதுதானே, அது எப்படி அழற்சியைக் கிளப்பும்?

பதில்: சும்மா கிடப்பதில்லை. கொழுப்புத் திசுவில் கொழுப்பு செல்களோடு நோய் எதிர்ப்பு செல்களும் குடியிருக்கின்றன. எடை அளவாக இருக்கும்போது ஈசினோஃபில்களும், ஒழுங்குபடுத்தும் டி செல்களும் அங்கே அமைதியைக் காக்கின்றன. செத்த செல்களை விழுங்கும் மேக்ரோஃபேஜ்கள் துப்புரவு வேலை பார்க்கின்றன.

எடை ஏறும்போது கொழுப்பு செல் உப்புகிறது. அதன் விட்டம் 100 மைக்ரானைத் தாண்டினால் ரத்தக் குழாயிலிருந்து ஆக்சிஜன் போதுமான அளவு எட்டுவது சிரமம். நெருக்கடியில் சிக்கிய செல் எம்.சி.பி.-1 என்ற புரதத்தை வெளியிடும். ரத்தத்தில் திரியும் மோனோசைட் என்ற வெள்ளையணுக்களுக்கு அதுதான் அழைப்பு. வந்தவை மேக்ரோஃபேஜ்களாக மாறி அங்கேயே தங்கிவிடும். 2003-இல் வெளியான ஆய்வில், ஒல்லியான எலிகளின் கொழுப்பில் மேக்ரோஃபேஜ்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு. மிகவும் பருத்த எலிகளில் பாதிக்கும் மேல்.

நுண்ணோக்கியில் பார்த்தால், செத்துப்போன ஒரு கொழுப்பு செல்லைச் சுற்றி மேக்ரோஃபேஜ்கள் கிரீடம் வைத்ததுபோல வளையமாக நிற்கும். மிச்சமிருக்கும் எண்ணெய்த் துளி ஒரு மேக்ரோஃபேஜ் விழுங்கக்கூடிய அளவில் இருக்காது. கூட்டாகச் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரைக்க வேண்டும். அதற்குள் பக்கத்தில் இன்னொரு செல் செத்திருக்கும். அதனால்தான் இந்த அழற்சி அடிபட்ட வீக்கம்போல வந்து போவதில்லை, ஆண்டுக்கணக்கில் புகைகிறது.

இந்த மேக்ரோஃபேஜ்கள் டி.என்.எஃப்.-ஆல்ஃபா, இன்டர்லூகின்-6 போன்ற, அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரக்கின்றன. இன்டர்லூகின்-6 கல்லீரலை அடைந்ததும் கல்லீரல் சி.ஆர்.பி. என்ற புரதத்தைத் தயாரிக்கும். உங்கள் 4.6 அப்படி வந்திருக்கலாம். லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழே இருந்தால் இதய ஆபத்து குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம். 10-ஐத் தாண்டினால் எடையைக் குறை சொல்லிவிட்டு விடக்கூடாது. தொற்றோ வேறு நோயோ இருக்கிறதா என்று தேட வேண்டும்.

கேள்வி: இதற்கும் சர்க்கரை நோய்க்கும் என்ன சம்பந்தம்?

பதில்: இன்சுலின் செல்லின் மேல் வந்து ஒட்டியதும், உள்ளே ஐ.ஆர்.எஸ்.-1 என்ற புரதம் செய்தியைக் கடத்த வேண்டும். டி.என்.எஃப். தூண்டிவிடும் ஜே.என்.கே. என்ற நொதி அந்தப் புரதத்தில் தவறான இடத்தில் பாஸ்பேட்டை ஒட்டிவிடும். செய்தி பாதியில் நின்றுபோகும், குளுக்கோஸை உள்ளே இழுக்கும் வாயில்கள் செல்லின் மேற்பரப்புக்கு வராது. கொழுப்பு செல்லும் இன்சுலின் பேச்சைக் கேட்காமல் கொழுப்பு அமிலங்களைக் கொட்டும். கல்லீரல் தேவையில்லாதபோதும் சர்க்கரை தயாரிக்கும்.

கேள்வி: லைபோசக்‌ஷன் செய்து கொழுப்பை எடுத்துவிட்டால் பிரச்சினை தீருமா?

பதில்: தீராது. 2004-இல் வெளியான ஆய்வில், பருமனான 15 பெண்களுக்குத் தலா 10 கிலோ அளவுக்குத் தோலடிக் கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். இன்சுலின் செயல்பாடும் மாறவில்லை, சி.ஆர்.பி.யும் இறங்கவில்லை. உறிஞ்சும்போது செல்களின் எண்ணிக்கைதான் குறைகிறது. மிஞ்சிய செல்கள் உப்பியபடியே இருக்கின்றன. குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் உள்ள கொழுப்பை அந்தக் குழாய் தொடுவதே இல்லை.

கேள்வி: அழற்சியை அடக்கும் மருந்தே போதாதா?

பதில்: எலிகளில் டி.என்.எஃப்.-ஐ முடக்கினால் நல்ல பலன் தெரிந்தது, மனிதர்களில் ஏமாற்றம். இன்டர்லூகின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனகினுமாப் ஊசி சி.ஆர்.பி.யைக் குறைத்தது, மாரடைப்பையும் குறைத்தது, சர்க்கரை நோய் புதிதாக வருவதை மட்டும் தடுக்கவில்லை. வழிகள் பல இருப்பதால் ஒன்றை அடைத்தால் போதவில்லை.

கேள்வி: அப்படியானால் எவ்வளவு எடை குறைக்க வேண்டும்?

பதில்: 5 முதல் 10 சதவீதம். 90 கிலோ என்றால் 4.5 முதல் 9 கிலோ. வாரத்துக்கு அரை கிலோ போதும். தராசை மட்டும் நம்பாதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் டேப் வைத்து அளங்கள். உயரத்தில் பாதிக்குக் கீழே இருக்க வேண்டும். உடற்பயிற்சி செய்தால் எடை அசையாதபோதும் வயிற்றின் உட்கொழுப்பு இறங்கும். சி.ஆர்.பி.யை மறுபடி பார்க்கும்போது சளி, காய்ச்சல் விட்டு 2 வாரமாவது ஆகியிருக்கட்டும். கடும் உடற்பயிற்சி செய்த மறுநாள் ரத்தம் கொடுக்காதீர்கள், எண் பொய்யாக ஏறிக் காட்டும்.