வளவின் நிழலில் கருப்பு இல்லை

அன்புள்ள ஐயா,

தேவகோட்டையில் எங்கள் பழைய வீட்டை இரண்டு வருடமாக வாட்டர்கலரில் வரைந்துவருகிறேன். குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டால், “போட்டோவே எடுத்திருக்கலாமே” என்கிறார்கள். அப்பத்தா மட்டும் “நல்லாருக்குத்தா” என்பார். ஊக்கமே இல்லாமல் எப்படித் தொடர்வது? எனக்கென்று ஒரு பாணி எப்போது வரும்? மூன்று படங்களை இணைத்திருக்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

குழுவில் போடுவதை நிறுத்துங்கள். அதைப் பற்றி வேறு பேச்சு வேண்டாம். பாணியைத் தேடிக் கிளம்பினால் அடுத்தவர் பாணிதான் கைக்கு வரும். ஒரே தூணை இருபது தடவை வரையுங்கள். இருபதிலும் உங்களை அறியாமல் நீங்கள் செய்திருப்பது எதுவோ, அதுதான் உங்களுடையது.

படங்களுக்கு வருகிறேன். கண்மட்டக் கோடு மூன்றிலும் சரியாக விழுந்திருக்கிறது. தூண்கள் தரையில் ஊன்றி நிற்கின்றன. தட்டிக்கொடுக்க ஆளில்லாமல் இதுவரை வந்திருக்கிறீர்களே, எனக்கு நிஜமாகவே சந்தோஷம். ஆனால் அந்த நிழல்! வளவு நிழலில் கருப்பைக் கரைத்து ஊற்ற எப்படி மனம் வந்தது?

வளவு திறந்த முற்றம். நிழல் விழுந்த சுவரின் மேல்பாதியில் வானத்து நீலம் இறங்குகிறது. கீழ்பாதியில் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பு ஏறுகிறது. கண்ணாடிமேல் வார்த்த கல், பளபளப்பு அதிகம், வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவரும் மினுங்கக்கூடியது. இத்தனை வெளிச்சம் ஓடுகிற இடத்தில் கருப்புக்கு என்ன வேலை? அல்ட்ராமரின் நீலம் இரண்டு பங்கு, பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு ஒரு பங்கு. சாம்பல் வந்துவிடும். ஈரம் காயுமுன் கீழ்பாதியில் சியன்னாவை மட்டும் தொட்டுவிடுங்கள், தானே பரவும்.

இந்தச் சாம்பலைத் தேவைக்கு இரண்டு மடங்கு கரைத்து வையுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலக்கப் போனால் அதற்குள் மேலே காய்ந்து விளிம்பு கட்டிவிடும். அட்டையைக் கொஞ்சம் சாய்த்து, பெரிய பிரஷால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இறக்குங்கள். பாதி காய்ந்த இடத்தைத் திரும்பத் தொடாதீர்கள். புது ஈரம் பழைய நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய்க் காலிஃபிளவர்போல ஓரம் கட்டும். இரண்டாம் படத்தின் இடது மூலையில் நடந்தது அதுதான். நம் ஊர் உச்சிவெயிலில் இதற்கு அவகாசமே கிடைக்காது. காலை ஒன்பதுக்குள் முடியுங்கள்.

வெயில் படும் சுவருக்கு வெள்ளைப் பெயிண்ட் வேண்டாம். காகிதத்தை அப்படியே விடுங்கள்.

பெயிண்ட் எந்த கம்பெனி என்பதெல்லாம் அப்புறம். காகிதத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்திக் காகிதம் முழுத்தாள் 22க்கு 30 அங்குலம். எட்டாக வெட்டுங்கள். எட்டிலும் ஒரே மேற்குத் தூண், ஒரே காலை நேரம். உட்கார்ந்ததும் நிழலின் விளிம்பைப் பென்சிலால் குறித்துவிடுங்கள். சூரியன் ஏற ஏற வெயில் தூணிலிருந்து கீழே இறங்கும். அதைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள்.

அப்பத்தாவிடம் “நல்லாருக்கா” என்று கேட்காதீர்கள். பேத்தியிடம் வேறென்ன சொல்வார்? “இது எந்நேரம்?” என்று கேளுங்கள். எந்தத் தூணில் எப்போது வெயில் விழும் என்பது அவருக்குத் தெரியும். யோசிக்காமல் “காலையிலத்தா” என்று எந்தப் படத்துக்குச் சொல்கிறாரோ, அதை எனக்கு அனுப்புங்கள்.