ஓவியர் நட்ட தோட்டம்

கேள்வி: ஓவியங்களைப் பார்க்கத்தானே அருங்காட்சியகத்துக்குப் போகிறோம்? அதைச் சுற்றி அந்த மண்ணின் செடிகளையே தேடி நட்டுத் தோட்டம் வளர்ப்பது வெறும் அலங்காரம் அல்லவா?

பதில்: அலங்காரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பிரேசில் நாட்டின் ரொபெர்ட்டோ புர்லே மார்க்ஸ் (1909–1994) ஓவியர். தோட்டங்களை வடிவமைத்தவரும் அவரே. 1928-இல் குடும்பத்துடன் ஜெர்மனிக்குச் சென்றவர், பெர்லினின் டாலெம் தாவரவியல் பூங்காவில், கண்ணாடிக் குடிலுக்குள் வளர்ந்து நின்ற பிரேசில் செடிகளைக் கண்டு வியந்தார். தாய்நாட்டில் அன்று வசதி படைத்தோர் ஐரோப்பியப் பூச்செடிகளையே விரும்பி வளர்த்ததால், தம் காட்டுச் செடிகளின் அழகை அவர் கடல் கடந்து போய்த்தான் உணர வேண்டியிருந்தது.

1930-களில் பிரேசிலின் ரெசிஃபே நகரப் பூங்காக்களின் பொறுப்பு அவரிடம் வந்தது. ஒரு சதுக்கத்தில் காட்டிங்கா என்னும் வறண்ட நிலத்தின் கள்ளிகளை நட்டார். காசா ஃபோர்ட்டே சதுக்கத்துக் குளத்தில் அமேசானின் ராட்சத அல்லியை வளர்த்தார். அந்த அல்லி, முதல் நாள் மாலையில் வெண்மையாக விரிந்து, மணத்தால் வண்டுகளை ஈர்த்து, அவற்றை உள்ளே வைத்தபடியே மூடிக்கொள்கிறது. மறுநாள் மாலை இளஞ்சிவப்பாக மாறி விரிகையில், மகரந்தம் அப்பிய வண்டுகள் வெளியேறுகின்றன. துணியில் பூசிய எந்த வண்ணத்துக்கும் இந்த உயிர் இல்லை என்பேன்.

அவர் ஒரே வகைச் செடியைப் பரந்த திட்டாக நட்டு, அதையொட்டி வேறு நிற இலைகளைப் பரப்புவார். ரியோ டி ஜெனிரோ நகரின் நவீனக் கலை அருங்காட்சியகத் தோட்டத்தில் இரு நிறப் புற்கள் அலையலையாக நெளிவதைப் பார்ப்பவருக்கு, அவருடைய ஓவியத்துக்குள்ளேயே நடப்பது போலிருக்கும். 1949-இல் ரியோவின் மேற்கே வாங்கிய நிலத்தில் அவர் சேர்த்த 3,500-க்கும் மேற்பட்ட தாவர வகைகளும் (பிற வெப்பமண்டல நாடுகளின் செடிகளும் இவற்றில் உண்டு), அவருடைய ஓவியங்களும் இன்று ஒரே வளாகத்தில் காட்சிக்கு இருக்கின்றன. 2021-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கேள்வி: அப்படியானால் இத்தகைய இடங்களில் எதை முதலில் பார்ப்பது?

பதில்: தோட்டத்தை. கலாத்தியா என்னும் செடியின் இலை ஒன்றின் அருகில் குனிந்து பாருங்கள்: மேற்புறத்தில் தூரிகையால் இழுத்தது போன்ற வரிகள், பல வகைகளில் அடிப்புறம் அடர் ஊதா. அந்த ஊதா கண்ணில் இருக்கும்போதே காட்சிக்கூடத்துக்குள் செல்லுங்கள்.