வாசிகசாலை கட்டினால் மாமாவுக்குச் சுகம் வருமா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

நான் திருகோணமலை மாவட்டத்தில் சம்பூர்ப் பக்கம். போரில் 2006 ஏப்ரலில் ஓடி, வாகரை, மட்டக்களப்பு, கிளிவெட்டி முகாம் என்று அலைந்து, 2015இல் காணி விடுவிக்கப்பட்ட பிறகுதான் ஊருக்கு வந்தோம். இடிந்து கிடக்கிற வாசிகசாலையைச் சிரமதானமாகத் திருப்பிக் கட்ட எங்கட கிராம அபிவிருத்திச் சங்கம் தீர்மானித்திருக்கிறது. உதவிக்கு வந்த நிறுவனம் ஒன்று, இதை மனவடுப்பட்டவர்களுக்கான சிகிச்சைத் திட்டம் என்று எழுதித் தரச் சொல்கிறது. என் மாமா இன்னும் பட்டாசு வெடித்தால் கட்டிலுக்கடியில் போய்விடுவார். இரவில் நித்திரை இல்லை. ஆட்களோடு சேருவதும் இல்லை. அவரைக் கல் சுமக்க வைத்தால் சுகம் வருமா? இல்லை, இது வெளியாட்கள் கொண்டுவந்த புதுக்கதையா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள தம்பி,

முதலில் மாமாவைப் பாருங்கள். இத்தனை வருடமாகத் திடுக்கிடலும் நித்திரையின்மையும் ஒதுங்கலும் விடாமல் இருந்தால் அவருக்கு வைத்தியர் தேவை. திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அவசரமாக யாரோடாவது பேச வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எடுக்கலாம், தமிழிலும் பேசுவார்கள். இப்படியான மனவடு நோய்க்குச் சோதித்துப் பார்த்த சிகிச்சைகள் இருக்கின்றன. நடந்ததைப் பாதுகாப்பான ஓர் ஆளின் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி எதிர்கொள்ளும் முறை உண்டு, மாத்திரையும் உண்டு. சுவர் கட்டுவது அவற்றின் இடத்தைப் பிடிக்காது. அந்த விண்ணப்பத்தில் ‘சிகிச்சை’ என்று எழுத வேண்டாம். அப்படி எழுதினால் வேலைக்கு வருகிறவரெல்லாம் நோயாளி ஆகிவிடுவார், பிறகு யார் வருவார்?

ஆனால் வாசிகசாலையைக் கட்டத்தான் வேண்டும். இது வெளியாட்களின் கதை இல்லை. இங்கே போர் ஆட்களைத் தனித்தனியாக மட்டும் காயப்படுத்தவில்லை, அயலையும் ஊரையும் ஒருவரையொருவர் நம்புகிற பழக்கத்தையும் சேர்த்தே உடைத்தது என்று உளமருத்துவர் தயா சோமசுந்தரம் எத்தனையோ வருடமாக எழுதிவருகிறார். பேரிடர்க் காலத்து உளநல உதவி பற்றி ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே சொல்கிறது: சிறப்பு வைத்தியம் வேண்டியவர்கள் சிலர்தான், குடும்பமும் ஊரும் மறுபடி இயங்குவது மிகப் பலருக்குத் தேவை. பெருந்துன்பத்துக்குப் பிறகு பக்கத்தில் ஆட்கள் இல்லாதவர்களிடம்தான் இந்த நோய் கூடுதலாகத் தங்குகிறது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

உங்கள் ஊர் இழந்தவற்றில் கட்டடத்தை விடப் பெரியது ஒன்று இருக்கிறது. எப்போது ஓடுவது, எந்த முகாமில் இருப்பது, எந்த வரிசையில் நிற்பது, காணிக்குள் எப்போது கால் வைப்பது, இதெல்லாம் ஒன்பது வருடம் வேறு யாரோ முடிவு செய்தார்கள். அதனால் இந்த வேலையில் யார் முடிவு எடுக்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். கொழும்பில் கீறிய படத்தை உங்கள் கையால் கட்டுவித்துப் படம் பிடித்துப் போனால் அதுவும் இன்னொரு வரிசைதான். கடனும் கவனம். போருக்குப் பிறகு இந்திய அரசு ஐந்தரை லட்சம் ரூபாய் கொடுத்த வீட்டுத்திட்டத்தில் தாங்களே நின்று வீடு கட்டியவர்களில் எத்தனையோ பேர் அதை முடிக்கக் கடன்பட்டு, அந்த யோசனையிலேயே நித்திரையை இழந்தார்கள். கூலி வேலையை விட்டுவிட்டு வருகிறவருக்கு அன்றைய சோற்றுக்கு வழி பாருங்கள்.

மாமாவுக்கு என்ன வேலை கொடுப்பது? கல் சுமக்க வேண்டாம். சீமெந்து போட்ட பிறகு குறைந்தது ஏழு நாள் அது காயாமல் ஈரமாக இருக்க வேண்டும். வறண்ட கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் ஈரச்சாக்கு போட்டு மூடினாலும் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். ஆகவே காலையிலும் மத்தியானத்திலும் பின்னேரத்திலும் ஒருவர் வந்து தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும். அந்த நேரம் அங்கே கூட்டம் இருக்காது. யாரோடும் பேச வேண்டியதில்லை. ஆனால் அவர் வராவிட்டால் கொங்கிறீட் வெடிக்கும், எல்லாருக்கும் தெரியும். ஒதுங்கியே இருக்கிற ஒருவருக்கு ஊரோடு இப்படியொரு தொடர்பு போதும், தொடங்குவதற்கு. ஒரு கிழமை போனால் மேசன் “அண்ணை, தண்ணி ஊத்தியாச்சா?” என்று கேட்பார். அவர் பதில் சொல்ல வேண்டிவரும். வெளியே போனால் என்னவோ நடக்கும் என்ற பயம் வீட்டுக்குள் இருக்க இருக்க வளரும். தினமும் போய், ஒன்றும் நடக்காமல் திரும்பி வருவது அதைக் கொஞ்சமாவது குறைக்கும். வர முடியாத நாளுக்கு இன்னொருவரைச் சொல்லிவையுங்கள், மாமாமேல் குற்றம் விழக்கூடாது.

சத்தத்தைப் பற்றி நிறுவனக்காரர் யோசித்திருக்க மாட்டார்கள். லொறியிலிருந்து கருங்கல் கொட்டுவது, தகரம் விழுவது, கல் வெட்டும் மெஷின், எல்லாமே பழைய சத்தங்களைக் கிளப்பும். எந்த நாள், எத்தனை மணிக்கு என்று முதல் நாளே வீடு வீடாகச் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு வராமல் இருப்பது எவருக்கும் குறை இல்லை. அத்திவாரம் வெட்டுகிற நாளும் சுலபமாக இராது. மண்ணுக்குள்ளிருந்து பழைய வீட்டுச் சாமான் ஏதும் வரலாம். சந்தேகமான பொருள் எதையும் தொடவிடாதீர்கள். நீங்கள் ஊரைவிட்டு ஓடிய ஏப்ரல் மாதத்தின் கடைசிக் கிழமையில் தொடங்குவதா வேண்டாமா என்பதை, அந்தக் கிழமையில் யாரையாவது இழந்த வீடுகளிடம் கேளுங்கள்.

இன்னொன்று. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடுகிற தாய்மார் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். “வாங்கோ அம்மா, வேலை செய்தால் மறந்துபோகும்” என்று தயவுசெய்து எவரும் சொல்லிவிட வேண்டாம். அவர்கள் கேட்பது பதிலை, மறதியை அல்ல. பதில் தர வேண்டியது அரசு. அவர்கள் வந்தால் தேத்தண்ணி கொடுங்கள். வராவிட்டால் கூப்பிட்டுக் கரைச்சல் கொடுக்காதீர்கள்.

கட்டடப் படத்தை அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன். ஒரே ஒரு வாசல்தான் இருக்கிறது, சன்னல்களும் உயரத்தில். பயந்து வாழ்ந்தவர்கள் வெளியேற வழி தெரியாத அறைக்குள் இருக்கமாட்டார்கள். பின்பக்கம் இன்னொரு வாசல் வையுங்கள். கடற்பக்கச் சுவரை இடுப்பளவில் நிறுத்தினால் காற்றும் வரும், யார் வருகிறார் என்பதும் தெரியும். ஆனால் இது என் யோசனை மட்டுமே. சங்கக் கூட்டத்தில் மாமா மாதிரி ஆட்களிடமும் தாய்மாரிடமும் காட்டி, அவர்கள் எதை மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். புத்தகம் சேர்க்கிற வேலையை நான் இங்கே தொடங்குகிறேன்.

அன்புடன்,
அக்கா